கொத்தனாருக்குப் பழைய பதிப்பு

அக்டோபர் 21, சனி

ஆயுத பூஜை திங்கட்கிழமைதான். நடுவில் ஞாயிறு, பின்னால் விஜயதசமி என்று மூன்று நாள் விடுமுறை வருவதால் அச்சகத்தில் பூஜையை இன்றைக்கே போட்டுவிட்டோம். காலையிலிருந்து துடைப்பதும் கழுவுவதும்தான் வேலை. பைண்டர் காஜா மைதீன் தையல் ஊசிகளையும் கத்திகளையும் எண்ணெய் போட்டுத் துடைத்து வரிசையாக அடுக்கினார். பார்வையில்லாத எங்கள் மெய்ப்பு வாசிப்பாளர் பொற்கொடியம்மா தன் மேஜையைத் தானே துடைத்தார். நான் கம்ப்யூட்டரையும் கொத்தனாரையும் எடுத்துக்கொண்டேன்.

கொத்தனார் என்பது எங்கள் பிரெயில் பிரிண்டர். தாளில் புள்ளி புள்ளியாகக் கொத்திக்கொண்டே இருப்பதால் காஜா வைத்த பெயர். பதினைந்து வயது. செய்த கம்பெனி மூடியே ஏழெட்டு வருடம் இருக்கும். திண்டுக்கல்லில் எங்கள் டிரஸ்ட் நடத்தும் பார்வையற்றோர் பள்ளிக்கு வேண்டிய பாடப் புத்தகம் எல்லாம் இதில்தான் வருகிறது. இப்போது பதினோராம் வகுப்பு வரலாறு. ஒன்பது பிள்ளைகள், ஆளுக்கு நான்கு தொகுதி. தீபாவளிக்கு முன் கொடுத்தாக வேண்டும், டிசம்பரில் அரையாண்டுத் தேர்வு.

வெளிப்புறத் தூசியைத் தட்டியபின் உள்ளேயும் சுத்தம் செய்தேன். வேண்டாத கோப்புகளை அழித்தேன். கம்ப்யூட்டரை இயக்கும் லினக்ஸ் மென்பொருள் மூன்று வருடமாக, புதிய பதிப்பு தயார், புதிய பதிப்பு தயார் என்று மூலையில் காட்டிக்கொண்டே இருந்தது. செயலாளர் மேடமும் பழையதை மாற்றச் சொல்லியிருந்தார். சரி, பூஜைக்குப் புதுச் சட்டை போடுகிற மாதிரி இருக்கட்டும் என்று 'ஆம்' அழுத்தினேன். நடுவில் என்னென்னவோ கேட்டது. எல்லாவற்றுக்கும் ஆம். மூன்று மணி நேரத்தில் பளபளவென்று புதுத் திரை வந்தது.

சந்தனம், குங்குமம் வைத்தேன். பொரி, கடலை சாப்பிட்டோம். முதுகு வலிக்கிறது.

அக்டோபர் 23, திங்கள்

வீட்டில் தண்ணீர் மோட்டார் ஓடுகிறது, தண்ணீர் வரவில்லை. என் மனைவி கலைவாணி அதற்கும் பொட்டு வைத்திருக்கிறாள்.

அக்டோபர் 25, புதன்

கொத்தனார் அடிக்கவில்லை.

விளக்கு எரிகிறது. தாளை இழுக்கிறது. கம்ப்யூட்டர் 'அனுப்பிவிட்டேன்' என்கிறது. கொத்தனார் 'எனக்கு எதுவும் வரவில்லை' என்று நிற்கிறது. கேபிளை மாற்றினேன். அணைத்துப் போட்டேன். காஜா வந்து எட்டிப் பார்த்தார்.

"என்ன சார், சந்தனத்தை மூஞ்சியில அப்பிட்டீங்களோ? கண்ணு தெரியலையாம்."

பொற்கொடியம்மா அவருடைய இடத்திலிருந்தே சிரித்தார். "நம்ம இடத்துல கண்ணு தெரியலன்னா வேலையில சேத்துக்குவாங்க காஜா பாய்."

மதியத்துக்கு மேல் காரணம் புரிந்தது. கொத்தனாரை ஓட்டும் டிரைவர் மென்பொருள் அந்தக் காலத்தது. புதிய பதிப்பு அதை ஏற்கவே ஏற்காது. புது டிரைவர் எழுதித்தர அந்தக் கம்பெனியும் உலகத்தில் இல்லை.

செயலாளர் மனோகரி மேடத்திடம், "சாஃப்ட்வேர் கொஞ்சம் தகராறு பண்ணுது, ரெண்டு நாள்ல சரியாயிரும்" என்றேன். அவர் சேர்ந்து ஆறு மாதம்தான் ஆகிறது. தலையசைத்துவிட்டுத் தேதியை டைரியில் குறித்துக்கொண்டார். அந்தக் குறித்துக்கொள்ளும் பழக்கம் எனக்குப் பிடிக்கவில்லை.

அக்டோபர் 26, வியாழன்

பழைய பதிப்புக்குத் திரும்ப வழி தேடினேன். இணையத்தில் எந்த ஊர்க்காரனைக் கேட்டாலும் ஒரே பதில்தான். மேலே ஏற வழி உண்டு, கீழே இறங்கப் படி கிடையாது. எல்லாவற்றையும் துடைத்துவிட்டுப் பழைய பதிப்பை முதலிலிருந்து போட வேண்டும். ஒருத்தன், ஏறுவதற்கு முன் யோசித்திருக்க வேண்டும் என்று வேறு எழுதியிருந்தான். ஐம்பத்து நான்கு வயதில் முகம் தெரியாதவனிடம் திட்டு வாங்கினேன்.

அக்டோபர் 28, சனி

பழைய பதிப்பின் சி.டி. என் மேஜை அடி டிராயரில் கிடைத்தது. என் கையெழுத்தில், 2012 என்று மேலே எழுதியிருக்கிறது. கீறல் விழுந்து பாதியில் நின்றது. பிறகு, காலாவதியான பதிப்புகளை ஒதுக்கி வைத்திருக்கும் ஒரு தளத்தில் அதைக் கண்டுபிடித்து பென் டிரைவில் இறக்கினேன்.

துடைப்பதற்கு முன் எங்கள் புத்தகக் கோப்புகள் இருக்கும் 'அச்சகம்' ஃபோல்டரை வெளி டிஸ்க்கில் நகல் எடுத்துக்கொண்டேன். இரண்டு தடவை சரிபார்த்தேன். முந்நூற்றுப் பன்னிரண்டு புத்தகங்களும் இருந்தன. 'எல்லாவற்றையும் அழிக்கவா?' என்று கேட்டது. ஆம்.

வெளியே நல்ல மழை. குடையை அச்சகத்திலேயே விட்டுவிட்டு நனைந்துகொண்டு வந்தேன்.

அக்டோபர் 30, திங்கள்

கொத்தனார் அடித்துவிட்டது!

டக்கு டக்கு டக்கு என்று அது கொத்தத் தொடங்கியதும் பொற்கொடியம்மா எழுந்து நின்று கைதட்டினார். எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது, சொல்வதற்கு என்ன. காஜா எல்லோருக்கும் பருத்திப்பால் வாங்கி வந்தார். பொற்கொடியம்மாவுக்குச் சர்க்கரை போடாமல்.

எப்படிச் செய்தீர்கள் என்று மேடம் கேட்டார். "பழைய வெர்ஷனையே திருப்பிப் போட்டுட்டேன் மேடம். முன்னாடி இருந்த மாதிரியே இருக்கு." நாளை மெய்ப்புப் பார்க்கிறோம்.

அக்டோபர் 31, செவ்வாய்

மழை.

எங்கள் மெய்ப்புப் பார்க்கும் முறையை இந்த நோட்டில் எழுதியதில்லை. நான் அச்சுப் புத்தகத்தைப் பிடித்துக்கொண்டு எதிரே உட்காருவேன். பொற்கொடியம்மா பிரெயில் தாளை விரலால் படித்து வாய்விட்டுச் சொல்வார். எங்கேயாவது உறுத்தினால் விரல் முட்டியால் மேஜையை ஒரு தட்டுத் தட்டுவார். அச்சில் என்ன இருக்கிறது என்று நான் சொல்வேன். புள்ளியில் சந்தேகம் என்றால் நான் கண்ணால் பார்த்தும் சொல்வேன். பதினோரு வருடமாக இதுதான். அந்தக் கைகளை அவர் பார்த்துக்கொள்கிற விதம் தனி. வலது கையால் சூடான டம்ளரைத் தொடமாட்டார். மிளகாய் கிள்ளமாட்டார். படிக்க உட்காரும் முன் கை கழுவி, பருத்தித் துண்டில் ஒவ்வொரு விரலாகத் துடைப்பார்.

இன்று முதல் பாடத்திலேயே ஏழு தட்டு.

மூன்றாவது தட்டு, பயிற்சி வினாவில். "அம்பத்தொண்ணாவது கேள்வின்னு வருது சார். பத்து கேள்விதானே இருக்கு?"

அச்சில் 5அ என்று இருக்கிறது. பிரெயிலில் அகரத்துக்கும் ஒன்று என்ற எண்ணுக்கும் ஒரே புள்ளிதான். எண்ணை ஒட்டி அகரம் வந்தால் நடுவில் ஒரு பிரிப்புக் குறி அடிக்க வேண்டும். இல்லாவிட்டால் ஐம்பத்தொன்று ஆகிவிடும்.

"கண்ணால பாருங்க. நடுவுல குறி இருக்கா?"

பார்த்தேன். தாள் நமுத்துப்போய்த்தான் இருந்தது. மழைக்காலத்தில் புள்ளி அமுங்குவது உண்டு.

"இருக்கும்மா. லேசா இருக்கு. ஈரத்துல அமுங்கிப்போச்சு" என்றேன்.

அவர் மறுபடி தடவினார். மறுபடியும். பிறகு, "ஓ, சரி" என்றார்.

நவம்பர் 1, புதன்

நேற்று எழுதாமல் விட்டதை எழுதுகிறேன். அங்கே குறி இல்லை.

தமிழ் எழுத்தைப் புள்ளியாக மாற்றுவதற்கு லினக்ஸில் ஒரு விதிப் பட்டியல் கோப்பு உண்டு. இன்ன எழுத்துக்கு இன்ன புள்ளி என்று வரி வரியாக இருக்கும். 2012-இல் அது வந்தபோது தப்பும் தவறுமாகத்தான் வந்தது. பொற்கொடியம்மா படித்துத் தட்டத் தட்ட, நான் அந்தக் கோப்பைத் திறந்து ஒரு வரி சேர்ப்பேன். எண்ணுக்குப் பின் அகரம், கி.மு.வில் வரும் புள்ளி, அடைப்புக்குறிக்குள் ஆண்டு, வரி முடிவில் உடைகிற சொல். இப்படிப் பதினோரு வருடம். கடைசியாகப் பார்த்தபோது இருநூறு வரிக்கு மேல் இருந்தது. அவர் விரலால் கண்டுபிடித்தது, நான் தட்டச்சு செய்தது.

அந்தக் கோப்பு எங்கள் 'அச்சகம்' ஃபோல்டரில் இல்லை. லினக்ஸ் தனக்கென்று வைத்திருக்கும் இடத்தில் இருந்தது. வந்த இடத்திலேயே திருத்தினேன், அங்கேயே விட்டேன். நகல் எடுத்ததில்லை. பூஜையன்று ஆம், ஆம் என்று அழுத்தியபோது புதிய பதிப்பு தன் கோப்பை அதன்மேல் வைத்துவிட்டது. சனிக்கிழமை மிச்சத்தையும் நானே துடைத்தேன். இன்று திறந்து பார்த்தேன். 2012-இல் வந்தது வந்தபடியே, கன்னி கழியாமல் இருக்கிறது.

முன்னாடி இருந்த மாதிரியே என்று சொன்னேனே. எந்த முன்னாடி என்று யாரும் கேட்கவில்லை.

இன்று ஒன்பது தட்டு. ஒன்பதுக்கும் ஈரம் என்றேன்.

நவம்பர் 2, வியாழன்

வெயில் அடித்தது. வேண்டாத நேரத்தில் வெயில்.

காஜா புதுத் தாள் கட்டைப் பிரித்து, அரை மணி நேரம் காயவைத்து மெஷினில் ஏற்றினார். தாள் அப்பளம் மாதிரி மொரமொரவென்று இருந்தது. பொற்கொடியம்மா படித்தார். எட்டுத் தட்டு.

"சார், மெஷின்ல ஏதாச்சும் மாறியிருக்கா? நாம திருத்துன தப்பெல்லாம் திரும்பி வர்ற மாதிரி இருக்கு."

"பழைய வெர்ஷன்தாம்மா. அதே டிரைவர், அதே மெஷின்."

அதில் ஒரு சொல்கூடப் பொய் இல்லை. அவர் வலது கையின் ஆள்காட்டி விரலை இடது கையால் பிடித்து அமுக்கிப் பார்த்துக்கொண்டார். சர்க்கரை வியாதி வந்து ஏழு வருடம். காலில் மரத்துப்போவது உண்டு என்று எப்போதோ சொல்லியிருக்கிறார்.

"அப்ப கையில ஏறிருச்சு சார்" என்றார்.

நான் அச்சுப் புத்தகத்தின் பக்கத்தைத் திருப்பினேன்.

நவம்பர் 3, வெள்ளி

பொற்கொடியம்மா விடுப்பு. தங்கையோடு டாக்டரிடம் போயிருக்கிறார்.

அவர் இல்லாத நேரத்தில் கோப்பைத் திறந்து ஞாபகத்திலிருந்து எழுத ஆரம்பித்தேன். திட்டம் இதுதான். சத்தம் போடாமல் எல்லாத் திருத்தத்தையும் திரும்பப் போட்டுவிட்டால் மெய்ப்புச் சரியாகிவிடும். மெய்ப்புச் சரியானால் கையும் சரியாகிவிடும். யாரிடமும் எதுவும் சொல்லவேண்டியதில்லை. மாலை வரை முக்கியும் நாற்பத்தொரு வரிதான் வந்தது.

நான்கு மணி வாக்கில் காஜா வந்து பக்கத்தில் நின்றார். பழைய மெய்ப்புத் தாள் ஒன்றைக் கையில் வைத்திருந்தார்.

"சார், தப்பா நினைக்காதீங்க. எனக்குப் பிரெயில் தெரியாது. ஆனா நீங்க இருக்குன்னு சொன்ன எடத்துல புள்ளி எதுவும் இல்லையே? லைட்டுல சாச்சுப் பாத்தேன்."

"தெரியாதுன்னா பேசாம இருங்க. பைண்டிங் வேலையைப் பாருங்க" என்றேன். இருபது வருடத்தில் அவரிடம் அப்படிப் பேசியது இல்லை. அவர் தாளை மேஜைமேல் வைத்துவிட்டுப் போனார்.

நவம்பர் 4, சனி

டாக்டர் பொற்கொடியம்மாவை நைலான் இழையால் தொட்டுப் பார்த்தாராம். காலில் உணர்ச்சி குறைவு. கையைப் பற்றி, இப்போதைக்குச் சொல்ல முடியாது, படிக்கும்போது உங்களுக்கே வித்தியாசம் தெரிகிறதா என்று கேட்டாராம். தெரிகிறது என்று இவர் சொல்லியிருக்கிறார். வைட்டமின் மாத்திரை கொடுத்திருக்கிறார்கள்.

மனோகரி மேடம் கூப்பிட்டு, "பொற்கொடியம்மாவுக்குக் கை சரியில்லைன்னு சொல்றாங்களே. மெஷின் பக்கம் ஒண்ணும் இல்லையே சார்?" என்று நேராகவே கேட்டார்.

அவரே கதவைத் திறந்துவிட்டார். சொல்லியிருக்கலாம்.

"பாத்துட்டுத்தான் இருக்கேன் மேடம்" என்றேன்.

வீட்டில் மோட்டாருக்கு ஆள் வந்தான். உள்ளே ஒரு ரப்பர் தேய்ந்திருக்கிறதாம். கலைவாணி, "ஏன் ஒரு மாதிரியா இருக்கீங்க?" என்றாள். மோட்டார் என்றேன்.

நவம்பர் 6, திங்கள்

நேற்று ஞாயிறும் அச்சகத்துக்குப் போய் உட்கார்ந்தேன். அறுபத்து மூன்று வரி சேர்ந்துவிட்டது. இன்று அதில் அடித்த பக்கங்களைக் கொடுத்தேன்.

முதல் பக்கத்தில் ஒரு தட்டும் இல்லை. இரண்டாம் பக்கத்தில் 7அ வந்தது. அவர் விரல் அங்கே நின்றது. திரும்பிப் போய் இன்னொரு தடவை தொட்டது.

"தெரியுது சார்! குறி தெரியுது!" முகமெல்லாம் சிரிப்பு. "மாத்திரை வேலை செய்யுது பாருங்க. நாலு நாள்தான் ஆகுது. காஜா பாய், எனக்குத் தெரியுது!"

காஜா என்னைப் பார்த்தார். நான் குழாயடிக்குப் போய் முகம் கழுவிக்கொண்டு வந்தேன். என்னைப்போல ஒரு அற்பன் இருக்க முடியாது என்று அந்தக் குழாயடியில் தோன்றியது.

ஐந்தாம் பக்கத்தில் கால அட்டவணை. ஆண்டும் அடைப்புக்குறியும் மாறி மாறி வரும். அதற்கான விதிகளில் ஒன்றுகூட எனக்கு ஞாபகம் வந்திருக்கவில்லை. ஒரே பக்கத்தில் பதினான்கு தட்டு. கடைசியில் தட்டுவதையும் நிறுத்திவிட்டு, கையை மடியில் வைத்துக்கொண்டார்.

"வந்து வந்து போகுது சார்" என்றார். "ஒரேயடியாப் போனாக்கூடப் பரவாயில்ல."

பழைய தொகுதி எதையாவது எடுத்துப் படித்துப் பார்க்கச் சொல்லலாமா என்று காஜா கேட்டார். பொற்கொடியம்மா வேண்டாம் என்று தலையசைத்துவிட்டார். "அதெல்லாம் எனக்கு மனப்பாடம் பாய். அதைக் கை படிக்காது, மனசுதான் படிக்கும்."

நவம்பர் 7, செவ்வாய்

மூன்று மணிக்கு என்னைக் கூப்பிட்டார்.

"சார், ஒரு லெட்டர் எழுதணும். மேடத்துக்கு. நான் சொல்லச் சொல்ல எழுதுறீங்களா? உங்க கையெழுத்துன்னா நல்லா இருக்கும்."

எதிரே உட்கார்ந்தேன். மெய்ப்புப் பார்க்கிற அதே இடம். அவர் கைகழுவித் துடைத்துக்கொண்டுதான் வந்திருந்தார். பழக்கம்.

"பெறுநர், செயலாளர் அவர்கள். ஐயா... இல்ல, அம்மா. கடந்த பத்தொன்பது ஆண்டுகளாக இந்த அச்சகத்தில் மெய்ப்பு வாசிப்பாளராகப் பணியாற்றி வருகிறேன். எழுதிட்டீங்களா?"

"எழுதிட்டேன்."

"என் விரல்களில் உணர்வு குறைந்துவிட்ட காரணத்தால், இனி பிழையின்றிப் படிக்க என்னால் இயலாது. பிள்ளைகள் படிக்கும் புத்தகத்தில் என்னால் தவறு நேரக் கூடாது. எனவே தீபாவளியோடு..."

பேனா நின்றுவிட்டது. 'என் விரல்களில்' வரைக்கும் எழுதியிருந்தேன்.

"எழுதிட்டீங்களா சார்?"

"இல்லம்மா."

"மை தீந்துபோச்சா?"

"உங்க கை நல்லா இருக்கு."

"ஆறுதல் சொல்லாதீங்க சார். எனக்கு அது வேண்டாம்."

"ஆறுதல் இல்லம்மா. அன்னைக்கு நீங்க கேட்டீங்களே, நடுவுல குறி இருக்கான்னு. அங்க இல்ல. நீங்க தட்டுன எடத்துல எல்லாம் தப்புத்தான் இருந்துச்சு. ஒரு தட்டுக்கூடப் பொய்த்தட்டு இல்ல."

பிறகு முழுவதையும் சொன்னேன். பூஜைத் துடைப்பு, ஆம், ஆம், விதிப் பட்டியல், நகல் எடுக்காதது, அறுபத்து மூன்று வரி. சொல்லச் சொல்ல என் குரல் எனக்கே ஏதோ ஆபீஸ் விளக்கம் மாதிரி கேட்டது. பின்னால் காஜாவின் ஊசிச் சத்தம் நின்றுபோயிருந்தது.

அவர் முகத்தில் ஒன்றும் அசையவில்லை.

"எப்ப தெரியும் உங்களுக்கு?"

"மொத நாளே."

"மொத நாளே." அதை மெய்ப்பு வாசிக்கிற குரலில் திரும்பச் சொன்னார். "இன்னையோட எட்டு நாள். எட்டு நாளா என் கையை என்கிட்டயே பொய் சொல்ல வச்சிருக்கீங்க."

நான் ஏதோ சொல்லப் போனேன்.

"நேத்து தங்கச்சி பேத்தியைத் தூக்கிட்டு வந்தா. மூணு மாசக் குழந்தை. அது மூஞ்சியைத் தடவித் தடவிப் பாத்தேன் சார். இதுவும் இனிமே தெரியாதோன்னு, மூக்கு, காது, புருவம், ஒண்ணொண்ணா மனப்பாடம் பண்ணேன். அது அழ ஆரம்பிச்சிருச்சு."

கோலை எடுத்தார், தண்ணீர் பாட்டிலைப் பையில் வைத்தார், போனார். காஜா ஆட்டோ வரைக்கும் கூடப் போனார். திரும்பி வந்து என்னைப் பார்க்காமலே தைக்க உட்கார்ந்தார்.

எனக்கு வெட்கமாக இருக்கிறது. வேறு எதையும் எழுதத் தோன்றவில்லை.

நவம்பர் 8, புதன்

வரமாட்டார் என்று நினைத்தேன். ஒன்பது மணிக்கு வந்து கை கழுவினார்.

"ஆபீஸ்ல சொல்லியாச்சா?"

"இல்லம்மா."

"மொதல்ல அதை முடிச்சிட்டு வாங்க. அப்புறம் உக்காருவோம்."

போனேன். மேடம் நான் சொல்லி முடிக்கும் வரை குறுக்கே பேசவில்லை. கடைசியில், "எல்லாம் சரி சார். அப்டேட் பண்ணச் சொன்னது யாரு?" என்றார்.

21-ஆம் தேதி பக்கத்தில் செயலாளர் சொல்லியிருந்தார் என்று எழுதியிருக்கிறேன். யாரும் சொல்லவில்லை. ஜூலை மாதக் கூட்டத்தில் கம்ப்யூட்டரைப் பார்த்து, "இது இன்னும் பழைய வெர்ஷன்தானா சார்?" என்று அவர் கேட்டார். அவ்வளவுதான். மற்றவர்கள் காதில் விழுந்துகூட இருக்காது. நான் மூன்று மாதம் அதையே நினைத்துக்கொண்டிருந்தேன். நாம் மட்டும் பார்க்கிற நோட்டில்கூட ஒருவன் பொய் எழுதுவானா? எழுதியிருக்கிறேன்.

"யாரும் சொல்லல மேடம். நானாத்தான்" என்றேன். நடந்ததை எழுத்தில் கொடுக்கச் சொன்னார். என் கையெழுத்து நன்றாக இருக்கும். எழுதிக் கொடுத்தேன்.

திரும்பி வந்தபோது பொற்கொடியம்மா பழைய பிரதிகள் இருக்கும் அலமாரி முன்னால் நின்றுகொண்டிருந்தார். காஜா 2013-லிருந்து அடித்த தொகுதிகளை எடுத்து மேஜையில் அடுக்கினார்.

"நாம திருத்துனது உங்க கம்ப்யூட்டர்ல மட்டும் இல்ல சார். இதுல பூரா கொத்தி வச்சிருக்கு. நான் பழசைப் படிக்கிறேன். எங்கெங்க குறி வருதுன்னு சொல்றேன். நீங்க ஒவ்வொரு வரியாப் போடுங்க."

எனக்கு இது தோன்றவே இல்லை. ஒரு வாரமாக அந்த அலமாரியில் சாய்ந்துகொண்டுதான் யோசித்தேன். முதல் நாளே சொல்லியிருந்தால் இந்நேரம் எல்லாம் முடிந்திருக்கும்.

மாலைக்குள் நூற்றெட்டு.

நவம்பர் 9, வியாழன்

நூற்று எழுபது. அவர் என்னோடு வேலைக்கு வேண்டியதை மட்டும் பேசுகிறார். மதியம் சாப்பாட்டு டப்பாவைத் திறந்து, எப்போதும் போல ஒரு துண்டு நெல்லிக்காய் ஊறுகாயைக் காஜாவுக்கு வைத்தார். எனக்கும் வைத்தார். ஆனால் பேசாமல் வைத்தார். முன்பெல்லாம், "சார், காரம் பாருங்க" என்பார்.

நவம்பர் 10, வெள்ளி

இருநூற்றுப் பதினேழு வரி. முன்பு இருந்ததைவிடக் கொஞ்சம் கூடுதலாகவே இருக்கும் போலிருக்கிறது.

கோப்பை மூன்று இடத்தில் நகல் எடுத்தேன். அது போதாது என்றார். விதிப் பட்டியல் முழுவதையும் கொத்தனாரிலேயே பிரெயிலில் அடிக்கச் சொன்னார். பதினோரு தாள் வந்தது. காஜா அதை அட்டை போட்டுத் தைத்துக் கொடுத்தார். பொற்கொடியம்மா முதல் தாளிலிருந்து கடைசித் தாள் வரை விரலால் பார்த்துவிட்டுத் தன் பையில் வைத்துக்கொண்டார். அலமாரியில் வைக்கலாமே என்றேன்.

"என்கிட்ட இருக்கட்டும்" என்றார்.

நவம்பர் 11, சனி

நாளை தீபாவளி. நான்கு தொகுதியும் நேற்று மாலையிலிருந்து விடிய விடிய அடித்தோம். முன்பு தட்டு விழுந்த பக்கங்களுக்கு மட்டும் கடைசி மெய்ப்பு இன்று காலை.

பத்து மணிக்கு அச்சுப் புத்தகத்தை எடுத்துக்கொண்டு அவர் மேஜைக்குப் போனேன். என் நாற்காலியில் காஜா உட்கார்ந்திருந்தார். கையில் இன்னொரு பிரதி.

"காஜா பாய் பிடிக்கிறாரு சார். நீங்க மெஷினைப் பாருங்க" என்றார் பொற்கொடியம்மா. கோபமாகச் சொல்லவில்லை. தண்ணீர் கொண்டுவரச் சொல்கிற மாதிரிதான் சொன்னார்.

நான் உள்ளே கொத்தனார் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டேன். தடுப்புக்கு அந்தப் பக்கம் அவர் படிப்பது கேட்டது. ஒரு தட்டு வரும் என்று காதைத் தீட்டிக்கொண்டு இருந்தேன். முதல் தொகுதியில் வரவில்லை. கால அட்டவணைப் பக்கம் போனது, அதிலும் வரவில்லை. இரண்டாம் தொகுதியில் ஒரே ஒரு தட்டு. காஜா தடுமாறித் தடுமாறி வாசித்தார். "அ... டைப்பு... இருக்கும்மா, அடைப்பு இருக்கு. ஆனா தாள்ல அந்த எடத்துல ஒண்ணும் இல்ல. வெறுசா இருக்கு." பட்டியலில் ஒரு வரி விட்டுப்போயிருந்தது. சேர்த்தேன். இருநூற்றுப் பதினெட்டு. அந்தத் தாளை மட்டும் ஒன்பது பிரதிக்கும் மறுபடி அடித்தேன்.

இரவு ஏழு மணிக்குப் பள்ளியிலிருந்து வேன் வந்து, காஜா தைத்து முடித்த முப்பத்தாறு தொகுதிகளையும் ஏற்றிக்கொண்டு போனது. மேடம் ஆளுக்கு ஒரு இனிப்புப் பெட்டி கொடுத்தார். பொற்கொடியம்மாவுக்கு முறுக்கு.

கிளம்பும் நேரத்தில் அவர் மேஜை பக்கத்தில் போய் நின்றேன். நான்தான் என்று அவருக்குத் தெரியும். செருப்புச் சத்தம் போதும் அவருக்கு.

"என்னை மன்னிக்கச் சொல்லிக் கேக்கலம்மா. செவ்வாக்கிழமையிலேர்ந்து சயின்ஸ் புக்கு. பழையபடி நான் பிடிக்கட்டுமா?"

அவர் துண்டை எடுத்து விரல்களை ஒவ்வொன்றாகத் துடைத்தார். படித்து முடித்தபின் துடைக்கும் வழக்கம் அவருக்கு இல்லை.

"காஜா பாயே பிடிக்கட்டும் சார். எழுத்துக் கூட்டித்தான் படிக்கிறாரு. ஒரு பக்கத்துக்கு நாலு பக்க நேரம் ஆகுது. ஆனா இருக்கிறதைப் படிக்கிறாரு."

பையைத் தோளில் மாட்டிக்கொண்டு, "தீபாவளி நல்லா கொண்டாடுங்க. வீட்ல கேட்டதாச் சொல்லுங்க" என்று போனார்.

நான் அறிவியல் புத்தகத்துக்குத் தாள் கட்டைப் பிரித்துக் காயவைத்துவிட்டு, கொத்தனாரை அணைத்தேன்.